ஐம்பது மதிப்பெண்ணுக்கு ஒரு பாட்டில்

1979-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்று முதல் தேசியப் போட்டி நடந்தது. வந்து சேர்ந்த பீர்கள் மொத்தம் 34. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அதே போட்டிக்கு வரும் பீர்களின் எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டிவிட்டது. ஒரு பொழுதுபோக்கு வளர்ந்து பெருத்த கதையாக இதைச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஆய்வுக்கூடமும் விலை உயர்ந்த கருவிகளும் இல்லாத சில ஆயிரம் பேர், கையிலிருந்த மூக்கையும் நாக்கையும் வைத்தே ஓர் அளவைக் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். அதற்கு அலகு வகுத்தார்கள், அதை இயக்குகிறவர்களுக்குத் தேர்வு வைத்தார்கள், அது பிழை செய்யும் இடங்களைக் கண்டு கொஞ்சம் திருத்தவும் செய்தார்கள். பதக்கம் யார் வாங்கினார் என்பதைவிட இந்தக் கருவி எப்படி உருவானது, எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பதே அறிவியல் வரலாற்றுக்குப் பயன்படும் செய்தி.

சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் 1920-இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்து 1933-இல் நீங்கியது. நீங்கியபின் வந்த விதிகள், வீட்டில் திராட்சை மது செய்துகொள்ள இடம் கொடுத்தன. வீட்டு பீருக்குக் கொடுக்கவில்லை. அந்த விடுபாடு 45 ஆண்டுகள் நீடித்தது. அதனால் யாரும் காய்ச்சாமல் இருந்துவிடவில்லை. மதுவிலக்குக் காலத்திலேயே மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் சாறு ரொட்டிக்கு என்ற பெயரில் தகர டப்பாக்களில் விற்றுக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் ரொட்டி சுடுகிறார்கள் என்று விற்றவர்களும் நம்பியிருக்க மாட்டார்கள். கலிபோர்னியாவில் 1974-இலேயே மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற வீட்டுக் காய்ச்சலாளர் சங்கம் தொடங்கிவிட்டது. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தில், செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்வைத்த திருத்தம் இந்த நிலையை மாற்றியது. 1979 பிப்ரவரி முதல் வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர், இருவர் உள்ள வீடு 200 கேலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம் என்றானது. கையெழுத்து விழுந்து இரண்டு மாதத்திற்குள் சார்லி பபேசியனும் சார்லி மாட்சனும் போல்டரில் அமெரிக்க வீட்டுக் காய்ச்சலாளர் சங்கத்தை நிறுவி, 'சைமர்ஜி' என்ற இதழையும் வெளியிட்டுவிட்டார்கள். போட்டி வந்தது அடுத்த ஆண்டு.

அனுமதி கிடைத்தால் தரம் தானாக வந்துவிடும் என்று நினைப்பதற்கு பிரிட்டனின் அனுபவம் இடம் தரவில்லை. அங்கே 1880 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவைவிட 16 ஆண்டுகள் முந்திய விடுதலை. 1970களில் மருந்துக்கடைத் தொடரான பூட்ஸிலேயே பீர் காய்ச்சும் பொட்டலங்கள் விற்றன. ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு மதுக்கடைப் பீரைவிட மலிவாகக் குடிப்பதே நோக்கம். மலிவு வேண்டும் என்பவருக்குத் தன் பீரில் என்ன குறை என்று இன்னொருவரிடம் கேட்க அவசியமில்லை. இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாதுதான்: பிரிட்டனிலும் சங்கங்களும் போட்டிகளும் இருந்தன, நல்ல பீரும் காய்ச்சினார்கள், அமெரிக்கர்களுக்கோ கடையில் கிடைத்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே சுவையுள்ள லேகர் வகை பீர் என்பதால் வேறொன்றைச் செய்துபார்க்கும் ஆசை கூடுதலாக இருந்தது. ஆனாலும் காய்ச்சும் உரிமையையும் காய்ச்சியதை மதிப்பிட்டுக்கொள்ளும் வழியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது தெளிவு. ஒரெகான் மாநிலத்தில் 2010-இல் இது வினோதமான முறையில் வெளிப்பட்டது. வீட்டில் காய்ச்சிய பீரை வீட்டுக்குள்தான் குடிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டத்துக்கு அரசுத் தரப்பு பொருள்கொண்டது. காய்ச்சுவதற்குத் தடை ஏதும் வரவில்லை. ஆனால் மாநிலப் பொருட்காட்சியின் பீர் போட்டி அந்த ஆண்டு ரத்தானது; மறு ஆண்டு சட்டத்தைத் திருத்திய பிறகே பாட்டில் வாசல் தாண்டியது.

பாட்டில் ஏன் வாசல் தாண்ட வேண்டும்? வீட்டுக் காய்ச்சலாளர் தன் பீரைப் பற்றி அறிந்துகொள்வதில் மூன்று தடைகள் இருக்கின்றன. முதலாவது அவருடைய மூக்கு. ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதையே குறைத்துவிடுகிறது; ஆறு மணி நேரம் கொதிக்கும் மால்ட்டின் பக்கத்தில் நின்றவர் அந்தப் பீரை மதிப்பிடத் தகுதி குறைந்தவர். அதோடு ஒவ்வொரு மணப்பொருளையும் உணரும் நுண்மை ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. டைஅசிட்டைல் என்ற வெண்ணெய் மணப் பொருளைப் பலமடங்கு இருந்தாலும் கண்டுகொள்ளாதவர்கள் உண்டு, தங்களுக்கு அந்தக் குறை இருப்பது அவர்களுக்கே தெரியாது. இரண்டாவது தடை நண்பர்கள். ஓசியில் வந்த பீரைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. மூன்றாவது தடைதான் அறிவியலுக்கு நெருக்கமானது. ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை இருபது லிட்டர் காய்ச்சுகிறார் என்று வையுங்கள். ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இடையில் வெயில், தண்ணீர், ஈஸ்ட், கொதித்த நேரம் எல்லாம் சேர்ந்து மாறியிருக்கும். சித்திரை மாதத்தில் இட்லி மாவு புளித்துப் பொங்கினால் வெயிலைக் காரணம் சொல்வதற்கு, அதே மாவைப் பல பருவங்களில் அரைத்துப் பழகிய பாட்டியின் அனுபவம் இருக்கிறது. பீர் காய்ச்சும் மரபு அறுந்துபோன ஒரு நாட்டில் அப்படிப்பட்ட பாட்டி இல்லை.

பெரிய ஆலைகளுக்கு இந்தச் சிக்கல் தீர்ந்து வெகுகாலமாகிவிட்டது. 1940களிலேயே கார்ல்ஸ்பெர்க் ஆலையில் மூன்று கோப்பைச் சோதனை நடைமுறைக்கு வந்தது: மூன்றில் இரண்டு ஒரே பீர், ஒன்று மட்டும் வேறு, எது வேறு என்று சொல்லத் தெரிந்தால்தான் வேறுபாடு உண்மையானது. அவர்களிடம் பயிற்சி பெற்ற சுவைஞர் குழுவும் வேதியியலாளர்களும் இருந்தார்கள். இல்லாதிருந்தது பொதுவான சொற்பட்டியல். ஓர் ஆலையில் 'புல் மணம்' என்பது இன்னோர் ஆலையில் வேறொன்றைக் குறித்தது. டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் மெய்ல்கார்டும் உடன்பணியாற்றியவர்களும் 1970களில் இதை ஒழுங்குபடுத்தி, 122 சுவை மணக் கூறுகளை ஒரு சக்கர வடிவத்தில் அடுக்கினார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் காய்ச்சல் வேதியியல் அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டன. அந்தச் சொற்பட்டியல் வெளியானதும் 1979-இல்தான். போல்டர் போட்டியும் சுவைச் சக்கரமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல். ஆனால் ஆலைகளுக்காகச் செய்த அந்தச் சக்கரத்தைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டு அதிகப் பலன் பெற்றவர்களில் வீட்டுக் காய்ச்சலாளர்களுக்கு முன்வரிசை இடம் உண்டு. காரணம் எளிது. ஆலையில் குறை தெரிந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். வீட்டில் அந்தச் சொல்லைத் தவிர வேறு தடயம் இல்லை.

மதிப்பெண் தாளைப் பார்த்தால் இது விளங்கும். பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் 1985-இல் தொடங்கியது. இன்று அது வகுத்த தாளே பெரும்பாலான போட்டிகளில் பயன்படுகிறது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு இவ்வளவு குறைத்தது நல்ல முடிவு. நிறம் மூக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2001-இல் போர்டோவில் நடந்த ஆய்வு இருக்கிறது: வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் கொடுத்தபோது, அவர்கள் அதை விவரிக்கச் சிவப்பு மதுவுக்கான சொற்களையே எடுத்தார்கள். ஆனால் இந்தத் தாளின் உயிர் எண்களில் இல்லை, எண்களுக்குப் பக்கத்திலுள்ள வெற்றுக் கோடுகளில் இருக்கிறது. நடுவர் தான் உணர்ந்ததை அங்கே எழுத வேண்டும். குறை இருந்தால் அது காய்ச்சலின் எந்தக் கட்டத்தில் நுழைந்திருக்கும், எப்படித் தவிர்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பரிசு பெறாத பீருக்கும் இந்தத் தாள் திரும்பப் போகிறது. 34-இல் 31 பேர் வெறுங்கையோடு திரும்பும் ஓட்டப்பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

உணர்ந்த மணத்திலிருந்து காரணத்துக்குப் போக முடிவது பீரின் வேதியியல் தரும் வசதி. வெண்ணெய் மணத்தை எடுத்துக்கொள்வோம். நொதித்தலின்போது ஈஸ்ட் வெளிவிடும் ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருள் மெல்ல டைஅசிட்டைலாக மாறுகிறது. லேசான லேகர் பீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே பலரால் அதை உணர முடியும். ஈஸ்ட்டே பின்னர் அதைத் திரும்ப உள்ளிழுத்து மணமற்ற பொருளாக்கிவிடும், ஆனால் அதற்கு அவகாசமும் கொஞ்சம் வெப்பமும் வேண்டும். பொறுமையில்லாதவர் சீக்கிரமே குளிரவைத்துவிட்டால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், வெண்ணெய் மிஞ்சும். ஆகவே நடுவர் எழுதுவது: முடிவதற்கு முன் இரண்டு நாள் சில டிகிரி சூட்டைக் கூட்டி வையுங்கள். வேகவைத்த மக்காச்சோள மணம் வந்தால் கதை வேறு. மால்ட்டிலுள்ள ஒரு முன்பொருள் கொதிக்கும்போது சிதைந்து டைமெத்தில் சல்ஃபைடு ஆகிறது. திறந்த பாத்திரத்தில் அது ஆவியோடு போய்விடும், மூடி போட்டால் மூடியில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் திரும்பப் பீரிலேயே விழும். மருந்துக்கட்டின் நாற்றம் வந்தால் குழாய்த் தண்ணீரிலிருந்த குளோரின் பீரிலுள்ள ஃபீனால்களோடு சேர்ந்திருக்கிறது. பழைய அட்டை நனைந்த மணம், டிரான்ஸ்-2-நானெனால் என்ற பொருளால் வருவது, பெரும்பாலும் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டதன் அடையாளம், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அதற்குப் போதும். இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது வெளிச்சத்தால் வரும் கேடு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்புப் பொருள்கள், பீரில் இயல்பாகவே உள்ள ரைபோஃபிளேவின் வழியாக ஒளியாற்றலைப் பெற்று உடைந்து, கந்தகத்தோடு சேர்ந்து தயால் வகைச் சேர்மம் ஒன்றை உண்டாக்குகின்றன. ஸ்கங்க் என்னும் வட அமெரிக்க விலங்கு எதிரிமேல் பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்தை ஒத்தது அது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய வேதியியல் கருவி எதுவும் இந்த அளவை நெருங்காது. மனித மூக்கைக் கருவியாக எடுத்தது ஏழைக்கு வேறு வழியில்லாததால் மட்டுமல்ல என்பதை இது காட்டும்.

கருவியை இயக்கும் முறையிலும் கவனம் இருக்கிறது. பாட்டிலில் எழுத்தோ புடைப்புச் சின்னமோ இருக்கக் கூடாது, மூடியில் ஏதேனும் அச்சிட்டிருந்தால் கருப்பு மை பூச வேண்டும், அடையாளச் சீட்டை ரப்பர் பட்டையால் கட்டித் தர வேண்டும். நடுவர் கைக்கு வரும்போது எண் மட்டும் மிஞ்சும். ஒரு பீரைக் குறைந்தது இருவர் சுவைக்கிறார்கள். முதலில் பேச்சில்லாமல் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும், பிறகுதான் கலந்து பேசலாம். வழக்கமாக 7 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மீண்டும் சுவைத்து நெருங்கி வருவார்கள். நடுவராவதற்குத் தேர்வு உண்டு. சுவைத் தேர்வில் 90 நிமிடத்தில் ஆறு பீர்கள்; அதே பீர்களை மூத்த நடுவர்கள் பக்கத்து அறையில் சுவைத்து எழுதியதோடு மாணவர் எழுதியதை ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். சில பீர்களில் வேண்டுமென்றே ஒரு குறையைக் கலந்து வைப்பதும் உண்டு. திட்டத்தைத் தாங்கிய இரு அமைப்புகளும் 1995-இல் விலகிக்கொண்டபோது அது கலைந்துபோயிருக்கலாம். சம்பளமில்லாத நடுவர்களே அதை எடுத்து நடத்தினார்கள், இன்றுவரை நடத்துகிறார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் வீண் என்று சொல்லும் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. பீரில் அல்ல, திராட்சை மதுவில். கலிபோர்னியாவில் சிறு மது ஆலை வைத்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ராபர்ட் ஹாட்ஜ்சன், தன் மதுவுக்கு ஒரு போட்டியில் பதக்கமும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போவதைக் கண்டு, கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சியின் நடுவர்களையே சோதித்தார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய மதுவை, வேறு மதுக்களுக்கிடையே கலந்து, மூன்று முறை கொடுத்தார். 2008-இல் வெளியான முடிவின்படி, அந்த மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். அடுத்த ஆண்டு அவர் 13 அமெரிக்கப் போட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்: மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட 2,440 மதுக்களில் 47 விழுக்காடு எங்கோ ஓரிடத்தில் தங்கம் வாங்கியிருந்தன, தங்கம் வாங்கியவற்றில் 84 விழுக்காடு வேறோர் இடத்தில் எந்தப் பரிசும் பெறவில்லை. குலுக்கல் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. அந்த நடுவர்களும் தொழில் தெரிந்தவர்களே. பீர் நடுவர்கள் அவர்களைவிட மேலானவர்கள் என்று நம்ப நியாயமான காரணம் எதுவும் இல்லை.

ஆனால் ஹாட்ஜ்சனின் ஆய்வைக் கடைசிவரை படிக்க வேண்டும். நடுவர்கள் மூன்று முறையும் மாறாமல் ஒரே தீர்ப்பைச் சொன்ன சந்தர்ப்பங்கள் சுமார் 18 விழுக்காடு. அவற்றில் பெரும்பகுதி, பதக்கத்துக்குத் தகுதியில்லை என்று தள்ளிய மதுக்கள். நல்லதற்கும் மிக நல்லதற்கும் நடுவே கோடு கிழிப்பதில் நாக்கு தடுமாறுகிறது. கெட்டதைக் கெட்டது என்பதில் தடுமாற்றம் குறைவு. பதக்கத்தை நம்பி மது வாங்குபவருக்கு இது மோசமான செய்தி. 22 மதிப்பெண்ணோடு திரும்பிவந்த தாளைக் கையில் வைத்திருக்கும் காய்ச்சலாளருக்கு நல்ல செய்தி. அவருக்கு 39-க்கும் 41-க்கும் உள்ள வேறுபாடு தேவையில்லை, மூடி போட்டுக் கொதிக்க வைத்தோமா என்ற கேள்விக்கு விடை தேவை. மேலும் தற்செயல் பிழை ஒருவரோடு ஒருவர் சேரும்போது குறைகிறது: தனித்தனியே போட்ட இரண்டு மதிப்பெண்களின் சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு கழிந்துவிடும், நான்கு பேர் என்றால் பாதியாகும். ஒரே பீரை மூன்று போட்டிகளுக்கு அனுப்பி, ஆறு தாள்களிலும் ஒரே குறை எழுதியிருக்கிறதா என்று பார்ப்பவர் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். சிறிய மாதிரிகளிலிருந்து எவ்வளவு நம்பிக்கையோடு முடிவெடுக்கலாம் என்ற கணிதத்தை 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் கோசட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையின் ஊழியர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

உச்சியிலும் எல்லாம் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் அதிகப் புள்ளி பெறுபவருக்கு, சுமேரியரின் பீர் தெய்வமான நின்காசியின் பெயரால் விருது தருகிறார்கள். கோர்டன் ஸ்ட்ராங் என்பவர் 2008, 2009, 2010 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதை வென்றார். ஆயிரக்கணக்கான பீர்கள் மோதும் இடத்தில் சீட்டுக் குலுக்கினால் இப்படி நடக்காது. ஒருவர் பல பிரிவுகளில் நிறையப் பீர் அனுப்பி வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். அதைக் கழித்தாலும் திறமைக்கு மிச்சம் இருக்கிறது. எந்தத் திறமை என்பதுதான் சங்கடமான கேள்வி. ஸ்ட்ராங் அந்த நடுவர் சான்றிதழ்த் திட்டத்தின் தலைவராக இருந்தவர். பீர் வகைகளை வரையறுக்கும் வழிகாட்டியைத் தொகுப்பதில் முதன்மைப் பங்கு அவருடையது. யாரும் முறைகேடு சொல்லவில்லை, பாட்டில்கள் பெயரில்லாமல்தான் போயின. ஆனால் அளவுகோலை நன்கறிந்தவர் அந்த அளவுகோலில் நன்றாக வருகிறார் என்றால், அளக்கப்படுவது பீரின் நயமா, இல்லை அளவுகோலோடு அதற்குள்ள பொருத்தமா?

இங்கிருந்துதான் போட்டிகள்மேல் மிக அதிகமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு பிறக்கிறது: வகைப் பட்டியல் கற்பனையைக் கட்டிப்போடுகிறது என்பது. பீரை வகைகளாகப் பார்க்கும் பழக்கத்தைப் பரப்பியதில் பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் 1977-இல் எழுதிய உலக பீர் வழிகாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. குடிப்பவருக்கு வழிகாட்ட அவர் செய்த விவரணை, போட்டிகளின் கையில் விதியாக இறுகிவிட்டது. இந்தக் குற்றச்சாட்டில் பாதி தவறு. ஐசோஅமைல் அசிட்டேட் என்பது வாழைப்பழ மணம் தரும் பொருள். பவேரியாவின் கோதுமை பீரில் அது இருந்தாக வேண்டும், கூடவே கிராம்பு மணமும். அதே பொருள் செக் நாட்டு பில்ஸ்னரில் இருந்தால், ஈஸ்ட் தாங்காத சூட்டில் நொதித்துவிட்டது என்று பொருள். காய்ச்சியவர் எதைச் செய்ய நினைத்தார் என்று தெரியாமல் நடுவரால் குறையையும் குணத்தையும் பிரிக்கவே முடியாது. நுழைவுச் சீட்டில் வகையின் பெயரை எழுதுவது அந்த எண்ணத்தை முன்கூட்டியே அறிவிப்பது. பரிசோதனைக்கு முன் கருதுகோளை எழுதி வைப்பதற்குச் சமம். நினைத்ததைச் செய்துகாட்டுவது கலையின் முழுமை ஆகாது என்றாலும், நினைக்காத வாழைப்பழத்தைப் புதுமை என்று பெயரிட்டு ஒப்பேற்றுவதைத் தடுக்கிறது.

மீதிப் பாதி சரி. வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த கலங்கிய இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகையைப் பாருங்கள். பழைய வழிகாட்டியின்படி கலங்கல் ஒரு குறை. மக்கள் அதை வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்த 2015-இல் வெளியான பதிப்பிலும் அதற்குத் தனி இடமில்லை. 2018-இல் தற்காலிகமாகச் சேர்த்து, 2021 பதிப்பில்தான் முறையாக ஏற்றார்கள். நார்வேயின் பண்ணை ஈஸ்ட்டான குவெய்க் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 30 முதல் 40 டிகிரி சூட்டில் நொதித்தும் தீய மணம் தராத ஈஸ்ட் உண்டு என்று எந்த மதிப்பெண் தாளும் கண்டுபிடிக்கவில்லை. லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் பண்ணை பண்ணையாகப் போய்ப் பழைய காய்ச்சலாளர்களிடம் கேட்டெழுதியதும், பிறகு கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அந்த ஈஸ்ட்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டதும்தான் உலகின் காதுக்கு எட்டின. அறிந்ததை அளப்பதற்காகச் செய்த கருவி அறியாததைக் காட்டாது. எனினும் கதவு அடியோடு சாத்தப்படவில்லை: அர்ஜென்டினாவின் டொராடா பாம்பியானா, பிரேசிலின் கத்தரீனா சவர் போன்றவை அந்தந்த நாட்டுக் காய்ச்சலாளர்கள் வற்புறுத்தியதால் வழிகாட்டியின் பிற்சேர்க்கையில் ஏறின. தாமதமாகத் திறக்கும் கதவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்னோர் ஆட்சேபத்தை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. நடுவர் குடிப்பது சில மிடறுகள். வரிசையில் எட்டாவது பீராக வரும்போது உரக்கப் பேசும் சுவைதான் கவனத்தை இழுக்கும். ஒரு மாலை முழுதும் சலிக்காமல் குடிக்கத் தக்க மென்மையான பீர் பின்தங்கும். பீரை மக்கள் குடிக்கும் முறையும் நடுவர் சுவைக்கும் முறையும் ஒன்றில்லை. அப்படியானால் மக்களையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டும் பார்த்தார்கள். பபேசியன் 1982-இல் தொடங்கிய மாபெரும் அமெரிக்க பீர் திருவிழாவில், அடுத்த ஆண்டு முதல் பார்வையாளர் வாக்கால் சிறந்த பீரைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடத்தின் அலங்காரமும் விளம்பரமும் வாக்கை வளைக்கின்றன என்ற புகார் எழ, 1987-இல் பெயர் மறைத்துச் சுவைக்கும் நடுவர் குழு வந்தது. பத்தாண்டு முடிவதற்குள் வாக்கெடுப்பு வழக்கொழிந்தது. மிடறு நடுவரின் கோணல் இன்ன திசையில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். கூட்டத்தின் கோணல் ஆண்டுக்கு ஆண்டு வேறு திசையில் போகும். தெரிந்த கோணலைக் கணக்கில் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் நான் முதலாவதன் பக்கம்.

அமெரிக்கச் சிறு ஆலைகளின் பெருக்கத்தையும் சிலர் இந்தப் போட்டிகளின் கணக்கில் எழுதுகிறார்கள். 1970களின் இறுதியில் நூற்றுக்கும் கீழே போயிருந்த ஆலைகள் இன்று பல ஆயிரம். காலக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. வீட்டில் காய்ச்சிக் கற்ற ஜாக் மெக்காலிஃப் சோனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கியது 1976-இல், போல்டருக்கு மூன்று ஆண்டு முன்பு. சீக்கோ நகரில் வீட்டுக் காய்ச்சல் பொருள்கள் விற்ற கென் கிராஸ்மன் சியரா நெவாடா ஆலையில் முதல் பீரைக் காய்ச்சியது 1980-இல். எந்தப் பதக்கமும் அவரை அங்கே அனுப்பவில்லை. போட்டியிலிருந்து ஆலைக்கு நேர்ப்பாதை அமைந்தது பிற்பாடுதான்: வென்ற வீட்டுச் செய்முறையைப் பெரிய அளவில் காய்ச்சி விற்ற லாங்ஷாட் போட்டி 1996-இல் வந்தது, ஆலையும் அமெச்சூரும் இணைந்து கலந்துகொள்ளும் பிரிவு பீர் திருவிழாவில் 2006-இல் சேர்ந்தது. முன்னோடிகளை உருவாக்கியது துணிவும் பசியும். போட்டிகள் உருவாக்கியது அவர்களுக்குப் பின் வந்த ஆயிரக்கணக்கானவர்களின் மூக்கை. தன் பீரில் வெண்ணெய் இருப்பதைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் ஆலை வைத்ததும், அப்படிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் வாடிக்கையாளராக வந்து உட்கார்ந்ததும் அடுத்த தலைமுறையில் நடந்தவை.

வளர்ச்சியால் கருவிக்கு வந்த நெருக்கடி வேறு வகையானது. 8,000 பீர்கள், ஒவ்வொன்றுக்கும் இரு நடுவர். ஒரு அமர்வில் ஒருவர் நாக்கு களைக்காமல் பன்னிரண்டு பீர் பார்க்கலாம் என்று தாராளமாக வைத்தாலும், முதல் சுற்றுக்கே 1,300-க்கு மேற்பட்ட நடுவர் அமர்வுகள் வேண்டும். எல்லாம் சம்பளமில்லாத சனிக்கிழமைகள். ஆகவே தேசியப் போட்டி முதல் சுற்றைப் பல ஊர்களில் பிரித்து நடத்தியது. பிரித்தவுடன் புதிய பிழை நுழைகிறது: ஓர் ஊரின் நடுவர்கள் கண்டிப்பானவர்கள், இன்னோர் ஊரில் கை தாராளம். அதற்காக எண்ணை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த வகையில் முன்னிலை பெற்றவற்றை இறுதிச் சுற்றுக்கு அனுப்பி அங்கே புதிதாகச் சுவைத்தார்கள். இயந்திரத்தைக் கொண்டுவந்தால் தீருமா என்றால், வாயு நிறப்பிரிகைக் கருவி டைஅசிட்டைல் எத்தனை மைக்ரோகிராம் என்று துல்லியமாகச் சொல்லிவிடும். பழைய ஆங்கிலேய ஏலில் அது ஒரு துளி இருக்கலாம், பில்ஸ்னரில் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதை மறுபடியும் யாராவது குடித்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் சங்கங்கள் இன்று நடுவர் தேர்வு நடத்தும் தேதிகளைத்தான் அதிகப்படுத்தப் பார்க்கின்றன. அதற்கும் மூத்த நடுவர் இருவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதே ஆறு பீர்களைச் சுவைக்க வேண்டும்.